திரையெல்லாம் மாமா

வீட்டில் கணினி தெரிந்த பையன் ஒருவன் இருந்தால், கல்யாண நேரத்தில் அவனைச் சும்மா விடமாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பையன் நான். (வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜாவாஸ்கிரிப்டையே நான்தான் கண்டுபிடித்த மாதிரி நடந்துகொள்வேன்.)

தங்கையின் கல்யாண விருந்து கெலுகோரில் ஒரு மண்டபத்தில். மேடைத் திரைக்காக ஓர் இணையப் பக்கம் செய்தேன். மணமக்கள் படத்தின்மேல் மல்லிகைப் பூ கொட்டும். நூறு பூ வரைய யாருக்குப் பொறுமை? ‘பக்கத்தில் முதலில் இருக்கும் படத்தை நகலெடுத்து அங்கங்கே தூவு’ என்று கட்டளை எழுதிவிட்டேன். முதல் படம் பூ.

அன்று காலை அம்மா பதறிக்கொண்டு வந்தார். பத்து காவான் என்ற ஊரில் இருக்கும் எங்கள் தாய்மாமாவுக்கும் எங்களுக்கும் பல வருடமாகப் பேச்சில்லை. ஏதோ விசேஷத்தில் அவருக்கு முன்னால் வேறு யாருக்கோ மாலை போட்டுவிட்டோமாம். தாய்மாமன் வராமல் மேடை ஏறமாட்டேன் என்று தங்கை அழுததால், அம்மா நேரில் போய்க் கெஞ்சியிருந்தார்.

“தம்பி, மாமா படத்த எல்லாத்துக்கும் மேல போட்டுரு. இல்லன்னா ஓட்டிட்டு வர்ற கெரேத்தாவ அப்படியே திருப்பிக்கிட்டுப் போயிடுவாரு.”

பூவுக்கும் முன்னால், பக்கத்தின் உச்சியில் போட்டேன். கட்டளையைத் தொடவில்லை. (சோதித்துப் பார்ப்பதெல்லாம் திறமை இல்லாதவர்கள் செய்வது என்ற நினைப்பு.)

மாலையில் விளக்கை அணைத்ததும் பக்கத்தை ஓட்டினேன். மேலிருந்து மாமா விழுந்தார். பின்னாலேயே இன்னொரு மாமா. பாஸ்போர்ட் முறைப்போடு மூலைக்கு மூலை மாமா. ஒருவர் போய் மாப்பிள்ளையின் முகத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நிறுத்துவதற்கு நான் வழியே வைக்கவில்லை. ஒயரைப் பிடுங்கலாம் என்று மேசைக்கடியில் புகுந்தபோது, நிஜ மாமா நாற்காலியை விட்டு எழுந்து வருவது தெரிந்தது. அம்மா முகம் வெளிறிவிட்டது. தங்கை கல்யாணத்தைக் கெடுத்த பாவி என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“யாருடா செஞ்சது?”

“நா... நான்தான் மாமா.”

அவர் திரையை அண்ணாந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

“இப்பத்தான்டா தாய்மாமனுக்கு எப்படி மரியாதை செய்யணும்னு இந்தக் குடும்பத்துக்குத் தெரிஞ்சிருக்கு!”

அம்மா விம்மி அழுதார். அதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்துவிட்டார்.

“அப்ப நாங்கல்லாம் மாமா இல்லையா? நான் சாப்பிடாமலே கிளம்புறேன் லா!”

அவரையும் கைப்பேசியில் படமெடுத்துப் பொழியவிட்டேன். அதன்பிறகு திரையில் மணமக்களை யாரும் பார்க்கவில்லை.

இப்போது தங்கை மகளுக்குக் காதுகுத்து. போன வாரம் கூப்பிட்டாள்.

“அண்ணே, உன் மடியிலதான் காது குத்தணும். ஆனா திரையில உன் படம் ஒண்ணே ஒண்ணுதான் லா, சொல்லிட்டேன்.” பின்னால் வீடே சிரித்தது.

நானும் சிரித்தேன். போனை வைத்தபிறகுதான் சுருக்கென்றது. தாய்மாமனுக்கு ஒன்றே ஒன்றா?