துப்பாக்கி கழுவிய ஞாயிற்றுக்கிழமை

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
19-11-1997, புதன்

அன்புள்ள மைத்துனன் சிரஞ்சீவி நயினாருக்கு,

அத்தான் நெல்லையப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் வடிவம்மாளும் மகள் ரெம்யாவும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. இந்த வாரம் அதற்குக் கை வரவில்லை. மூவரும் உயிரோடு இருக்கிறோம், அவ்வளவுதான். மதுரையில் உன் பாங்கு வேலையும் மற்றதும் நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிறேன். நடக்காமல் என்ன, துப்பாக்கி என் வீட்டில் அல்லவா இருக்கிறது.

உன்னை மதுரைக்கு மாற்றியபோது, லைசென்ஸ் கேரள எல்லைக்குள்தான் செல்லும், ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் அத்தான் என்று சொல்லி என் பெயரையும் அதில் சேர்த்தாய். உன் தகப்பனார் போனக்காடு எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி பத்து மாதமாக என் பீரோவுக்குப் பின்னால் கம்பளிக்குள் படுத்திருந்தது. நானும் அதன் வழிக்குப் போகவில்லை, அதுவும் என் வழிக்கு வரவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். விதுராவில் உன் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி கிளறுகிறது, தோட்டம் பார்க்கும் சற்குணத்துக்கு நன்றாகச் சுடத் தெரியும் ஆனால் அவன் பெயர் லைசென்ஸில் இல்லை, ஆகவே அத்தான் ஒரு நடை போய் நாலு வெடி போட்டுவிட்டு வரவேண்டும் என்று எழுதினாய். இரண்டு பக்கம் எழுதினாய். சுட்ட அன்றைக்கே குழலைக் கொதிக்கிற வெந்நீரால் கழுவ வேண்டும், கருமருந்தின் கசடு உப்பு மாதிரி, நம் ஊர் ஈரத்தில் ஒரு ராத்திரி விட்டால் குழல் துருவேறிப் போகும், அப்பாவின் துப்பாக்கி அத்தான், என்று அடிக்கோடிட்டு எழுதினாய். அரசு அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் புரூப் பார்த்தவன் நான். உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அதில் பிழை ஒன்றும் இல்லை. விடுபட்டது ஒன்று உண்டு. கழுவும்போது என்ன நாற்றம் வரும் என்பதை நீ எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தம்பானூரிலிருந்து முதல் பஸ்ஸில் போனேன். உறையில் போட்ட துப்பாக்கியை இரண்டு முழங்காலுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்து அடிக்கடி தொட்டுப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் அதைப் பார்த்து, "மிருதங்கமா சாரே?" என்று கேட்டான். நாதஸ்வரம் என்றேன். அதற்கும் அரை டிக்கெட் எடுக்க வேண்டுமா என்று யோசித்துவிட்டுப் போய்விட்டான். தோட்டத்தில் சற்குணம் உன் தகப்பனார் கையால் அடைத்த பித்தளைத் தோட்டாக்களைப் பிஸ்கட் டப்பாவில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தான். மொத்தம் பதினொன்று. உயிர்க்கொலை ஆகாது என்று மாமா ஈய ரவை போடாமல் மருந்தும் தக்கையும் மட்டுமே அடைத்து மெழுகு வைத்திருக்கிறார் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். சைவத் தோட்டா. அதைக் கேட்டதும் கொஞ்சம் தைரியம் வந்தது. சற்குணம் உடனே அதைக் கெடுத்தான். "ரவை இல்லேன்னு வெளையாட்டா நெனைக்காதீங்க சாரே. தோக்கைத் தோளோட சேத்துப் பிடியுங்க. இல்லேன்னா தோளு இங்க நிக்கும், நீங்க அங்க கெடப்பீங்க" என்று சொல்லிவிட்டு, அவன் மட்டும் பலா மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

பன்றி எங்கே என்று கேட்டேன். "இப்ப எங்கெ பன்னி? அது ராத்திரியில்லா வரும்" என்றான். எனக்குக் கண்புரை இருப்பதும், ராத்திரி நான் எங்கும் தங்குவதில்லை என்பதும் உனக்குத் தெரியும். ஆகவே காலை பத்தேகாலுக்கு, வெயிலில், பன்றி இல்லாத தோட்டத்தில் பன்றியை விரட்டினேன். முதல் வெடி வெடித்ததும் எனக்கு முன்னால் இருந்த உலகம் காணாமல் போய்விட்டது. வெள்ளைப் புகை, நயினார், துணி மூட்டையைப் பிரித்துப் போட்ட மாதிரி. தென்னை இல்லை, வேலி இல்லை, என் கையே எனக்குத் தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து சற்குணத்தின் குரல் மட்டும், "சாரே, இருக்கீங்களா?" என்று கேட்டது. ஆறு வெடி வெடித்தேன். ஆறாவது வெடிக்குப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஐந்து பேர் வந்து நின்று, யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்டார்கள். அன்று ராத்திரி பன்றிகள் வழக்கமான நேரத்துக்கு வந்து மிச்சமிருந்த இரண்டு வரிசையையும் தின்றுவிட்டுப் போயின என்று சற்குணம் திங்கட்கிழமை போன் செய்து சொன்னான். இது உன் தகவலுக்கு.

இரண்டு இருபதுக்கு வீட்டுப் படி ஏறினேன். உன் அக்காள் வாசலிலேயே நின்றாள். "எங்க போய்த் தொலைஞ்சிய? பிச்சம்மா அத்தை போன் பண்ணினா. வெள்ளிக்கிழமை வாறதா இருந்தா, அந்த நாள் சரியில்லையாம். இன்னைக்கு மூணரைக்கு வாறாளாம், ராகுகாலத்துக்கு முன்னாடி பாத்துட்டுப் போயிருவாளாம்" என்றாள். நீயே கொண்டுவந்த இடம் என்பதால் உனக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மொத்தக் கடை, தாய் தகப்பன் இல்லாத பையன், வளர்த்த அத்தை பிச்சம்மாள் சொன்னதுதான் அந்த வீட்டில் சட்டம். பையன் சுப்பு பொறியியல் படித்தவன். இதற்கு முன்னால் வந்த நாலு வரன்களின் போட்டோவை ரெம்யா கையால் தொடக்கூட இல்லை. இந்தப் போட்டோவை வாங்கி, தன் கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அவளுக்கு இருபத்தாறு முடிகிறது. இது நடந்தாக வேண்டும் என்று நான் எப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் வந்து போகட்டும், குழலை அப்புறம் கழுவலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் அடிக்கோடு கண்முன் வந்தது. அவர்கள் போனதும் ராகுகாலம், அதற்கப்புறம் விளக்கு வைக்கிற நேரம், உன் அக்காள் அடுப்பில் வெந்நீர் வைக்க விடமாட்டாள், காலையில் பார்த்தால் துரு, நீ மதுரையிலிருந்து வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். ஒரு மணி நேரத்துக்குமேல் இருக்கிறதே என்று கிணற்றடியில் அண்டாவை ஏற்றினேன். நீ எழுதியபடியே குழலைக் கழற்றி வாளியில் நிறுத்தி, கம்பியில் துணி சுற்றி, கொதிநீரை ஊற்றி மேலும் கீழும் இழுத்தேன். மை மாதிரி கறுப்புத் தண்ணீர் குழலின் வாயிலிருந்து பீய்ச்சியடித்து என் முகத்தில் விழுந்தது. அதோடு சேர்ந்து அந்த நாற்றமும் வந்தது. அது என்ன நாற்றம் என்று எனக்குத் தெரியவில்லை. நம் குடும்பத்தில் யாருக்குத் தெரியும்? ரெம்யா பின்கட்டுக்கு ஓடி வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, என்ன காரியம் செஞ்சீங்க? கந்தகத்துல வெந்நீர் பட்டா அழுகின முட்டை வாசம்தான் வரும்" என்றாள். முட்டை. கார்த்திகை பிறந்த சமயம், தெருவில் பாதிப்பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார்கள், சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, பின்கட்டில் எழும் எந்த வாசனைக்கும் வெளியே போகக் கூடத்தைத் தவிர வேறு வழி கிடையாது. அப்போது மணி மூன்று இருபது. வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்டது.

முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். பிச்சம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து விசிறியை நிமிர்ந்து பார்த்தாள். விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. அவள் மூக்கு ஒரு முறை சுருங்கியது. "ஏட்டி வடிவு, என்னமோ அவிச்ச வாடையில்லா அடிக்கி" என்றாள். எதை அவித்தது என்று அவள் சொல்லவில்லை. சைவ வீட்டில் அந்தச் சொல்லை நாக்கில் எடுக்க மாட்டார்கள் அல்லவா? அப்போதே உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஜாதகத்தோடு அனுப்பிய குறிப்பில் "சாத்விகமான குடும்பம்" என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். அடுக்களை நிலைப்படியில் நின்ற உன் அக்காள், துப்பாக்கி என்று வாயைத் திறந்தால் தெரியும் என்பதைக் கண்ணாலேயே சொன்னாள். ஆகவே நான், மூட்டு வலிக்குத் தைலம் காய்ச்சுகிறேன் என்றேன். அதே நேரத்தில் உன் அக்காள், தெரு ஓடையில் சாக்கடை அடைத்துக்கொண்டது என்றாள். காபித் தட்டோடு வந்த ரெம்யா, அவளுக்குப் பொய் சொல்ல வராது, "ஹைட்ரஜன் சல்பைடு" என்றாள்.

"மூணு பேரும் மூணு விதமால்லா சொல்லுதிய" என்றாள் பிச்சம்மாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒங்க காதுக்குப் பின்னால என்ன, கரியா?" என்றாள். தைலம் என்றேன். கை கழுவ வேண்டும் என்று எழுந்தவள், யாரும் தடுப்பதற்குள் பின்கட்டுக்குப் போய்விட்டாள். நல்லவேளை, குழலை ஈர வேட்டிக்குள் சுருட்டிக் கொடியடியில் சாய்த்திருந்தேன். ஆனால் புளி போட்டுத் தேய்த்த ஆறு பித்தளைத் தோட்டாக் கூடுகளும் துவைகல்லின்மேல் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். "இது என்னட்டி?" "பிள்ளையளுக்கு மருந்து பொகட்டுற சங்கு, அத்தை" என்றாள் உன் அக்காள். "ஒங்க வீட்ல கைப்பிள்ளையே கெடையாதே" என்றாள் பிச்சம்மாள். ஆவி பறக்கும் அண்டாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கை கழுவாமலேயே கூடத்துக்குத் திரும்பினாள். அவளோடு வந்திருந்த பையன் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தான். அல்லது குமட்டலாகவும் இருக்கலாம். காபி பாதி அப்படியே இருந்தது. வறுத்து வைத்த ஏத்தங்காய் உப்பேரியை யாரும் தொடவில்லை. "வெவரம் சொல்லி அனுப்புதோம்" என்று படியிறங்கினாள். முந்தைய நாலு இடத்துக்காரர்களும் இதே மூன்று வார்த்தையைச் சொல்லித்தான் போனார்கள். இன்றைக்கு மூன்று நாளாகிறது. விவரம் வரவில்லை. ரெம்யா அந்தப் புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டில் தூக்கி வைத்துவிட்டாள், அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். உன் பேச்சுக்குப் பிச்சம்மாள் மதிப்புக் கொடுப்பாள். உடனே அவளுக்குப் போன் செய்து, அன்று வந்தது துப்பாக்கி கழுவிய நாற்றம், எங்கள் வீட்டில் நாலு தலைமுறையாக முட்டை என்பதே நுழைந்ததில்லை என்று சத்தியம் செய். இங்கிருந்து உனக்கு எஸ்.டி.டி. போட்டிருப்பேன், வீட்டுப் போனில் அந்த வசதி இல்லை, கிழக்கேகோட்டை பூத்தில் வரிசையில் நிற்பவர்கள் கேட்க, துப்பாக்கி, வெடிமருந்து என்று நான் எப்படிக் கத்துவது? இரண்டாவது, சனிக்கிழமைக்குள் நேரில் வந்து துப்பாக்கியை எடுத்து, சட்டப்படி எந்தக் கடையில் ஒப்படைக்க முடியுமோ அங்கே ஒப்படைத்துவிட்டு லைசென்ஸிலிருந்து என் பெயரை அடித்துவிடு. பன்றிகள் மரச்சீனி தின்னட்டும். அதுகளும் சைவம்தான்.

நீயும் வீட்டிலுள்ளோரும் நோய்நொடியின்றி, வெடிச்சத்தம் கேளாமல் நீடூழி வாழ ஸ்ரீபத்மநாபன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
நெல்லையப்பன்

பின்குறிப்பு (வியாழன் காலை, பத்து மணி): தபாலில் போடப் புறப்படும்போது சுப்பு ஸ்கூட்டரில் தனியாக வந்து இறங்கினான். "மாமா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கப்படாது. ஞாயிற்றுக்கெழமை அவிச்சது முட்டைதான?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே தொடர்ந்தான். "அத்தைக்கு இடுப்பெலும்பு முறிஞ்சதுலேருந்து டாக்டர் தெனம் ரெண்டு முட்டை சொல்லியிருக்காரு. பின்வாசலைப் பூட்டிக்கிட்டு நாந்தான் அவிச்சுக் குடுக்கேன். வாற பொண்ணு கண்டுபிடிச்சு ஊரெல்லாம் சொல்லிருவாளோன்னு பயந்தே அஞ்சு எடத்தை வேண்டாம்னுட்டா. ஒங்க வீட்லேருந்து ஆட்டோல ஏறினதும், 'லேய், நமக்கு இந்த வீடுதாம்லே சரி'ன்னா. நீங்க மறைச்சதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கா." முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தப்பெழுத்தைக்கூட நான் தெரிந்து விட்டவனில்லை, நயினார். அவன் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் தம்பி, முட்டைதான் என்றேன். "சத்துக்கு" என்று உள்ளேயிருந்து உன் அக்காளின் குரல் வந்தது. ரெம்யா அலமாரியின் மேல்தட்டிலிருந்து எதையோ எடுக்கும் சத்தமும் கேட்டது.

ஆகவே போன் செய்யாதே. இதுவரை படிக்கும் முன்பே எழுந்து போய்ச் செய்துவிட்டாயானால் மறுபடியும் செய்து, துப்பாக்கி என்று சொன்னது அத்தானின் பொய் என்று சொல். வருகிற ஞாயிறு மூன்றரைக்கு நிச்சயம் பேச வருகிறார்கள். எங்களுக்காக எதையும் ஒளிக்க வேண்டாம், வழக்கம்போல இருங்கள் என்று பிச்சம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ரெம்யா இப்போதுதான் அடுத்த தெரு ஓமனா கடையிலிருந்து ஆறு முட்டையைக் குடைக்குள் மறைத்து வாங்கி வந்தாள். மூவரும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு அவித்துப் பார்த்தோம். அந்த மணம் வரவில்லை. பாதிகூட வரவில்லை. துப்பாக்கி இங்கேயே இருக்கட்டும், நீ வராதே. பிஸ்கட் டப்பாவில் இன்னும் ஐந்து தோட்டா இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று சற்குணத்துக்குச் சொல்லிவிட்டேன். இரண்டு இருபதுக்கு வீடு திரும்பினால் சரியாக இருக்கும்.