வானுக்குப் போன ஆமையும் கூடவே பறந்த கழுகும்

ஒரு காட்டில், வானத்துக்கு முதலில் யார் ஆள் அனுப்புவது என்று அக்கரைக் காட்டோடு கடும் போட்டி நடந்துகொண்டிருந்த காலத்தில், சுடலை என்று ஒரு கழுகு இருந்தது.

பக்கத்து ஊர்த் திருவிழாவில் மிஞ்சிப்போன வாணங்களைக் குரங்குகள் அள்ளிவந்து ஒன்றாகக் கட்டும். அதன் உச்சியில் உட்கார்ந்து, பற்ற வைத்ததும் மேலே போவதுதான் சுடலையின் வேலை. ஒரு வாணம் தரையிலேயே வெடித்தது. இன்னொன்று படுத்தவாக்கில் போய் யானையின் வால்முடியைப் பொசுக்கியது. சுடலை ஒவ்வொரு தடவையும் கடைசி நொடியில் குதித்து, சிறகில் புகை வர வந்து இறங்கும்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "லேசா ஆடுச்சு" என்று மட்டும் சொல்லும்.

அந்தச் சமயம் பார்த்து அக்கரைக் காடு ஒரு பெருச்சாளியை வானத்துக்கு அனுப்பிவிட்டது. பெருச்சாளி திரும்பி வரவில்லை. அது அங்கேயே குடியேறிவிட்டதாக அறிவித்து, அக்கரையில் இனிப்பு வழங்கினார்கள்.

சிங்கராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. "நம்ம ஆளு போகணும். போயிட்டு உயிரோட வரணும். அதுலதான்யா அவங்களை ஜெயிக்கணும்," என்று நரி மந்திரியிடம் சொன்னது.

தூக்கணாங்குருவி பூரணி புது வாணத்தின் உச்சியில் ஒரு கூடு பின்னியது. மேலே போய் வாணம் தீர்ந்ததும் கூடு தனியே கழன்றுவிடும். மடித்துக் கட்டியிருக்கும் தேக்கிலைக் குடை விரிந்து மெல்லக் கீழே இறக்கும். சுடலை அந்தக் கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"நான் எதைப் பிடிச்சு ஓட்டுறது?"

"ஓட்ட வேண்டாம். உள்ளே சும்மா உட்காரணும். எதையும் தொடக்கூடாது," என்றது பூரணி.

"சும்மா உட்கார நான் எதுக்கு?"

"அதைத்தான் நானும் மந்திரிகிட்ட கேட்டேன்."

ஆள் எடுப்பதற்குச் சோதனை நடந்தது. காதருகே வெடி வைத்ததும் முயல் மயங்கி விழுந்தது. குரங்கு கூட்டைப் பிரித்துப் பார்த்தது. சுடலை சண்டைக்கே வந்துவிட்டது. புல் மேய வந்த ஆழ்வாரப்பன் என்ற ஆமை மட்டும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது.

"என்ன நெஞ்சழுத்தம்!" என்று வியந்தது நரி. உண்மையில் ஆமை பயத்தில் விறைத்துப் போயிருந்தது.

வாணம் கிளம்பிய அன்று சுடலை ஒரு பட்ட மரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆனால் திரியில் தீ பிடித்த சத்தம் கேட்டதும் பழக்கதோஷத்தில் அதுவும் கூடவே கிளம்பிவிட்டது.

மேகத்துக்கு மேலே கூடு சரியாகத்தான் கழன்றது. குடைதான் விரியவில்லை. கட்டியிருந்த நார் சிக்கிக்கொண்டது. கூடு கல் மாதிரி விழுந்தது.

சுடலை சிறகை ஒடுக்கிக்கொண்டு தலைகீழாகப் பாய்ந்தது. அத்தனை வேகத்தில் அது அதுவரை போனதில்லை. கண்ணில் நீர் கொட்டியது. இறகுகள் பிய்ந்து பறந்தன. எட்டிக் கூட்டைப் பற்றிக்கொண்டு அலகால் நாரைக் கொத்தியது. உள்ளேயிருந்து ஆழ்வாரப்பன் மிரண்டு தலையை நீட்டியது.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. லேசா ஆடும், அவ்வளவுதான்."

நார் அறுந்தது. குடை விரிந்தது.

காடே திரண்டு வந்து நின்றது. ஆழ்வாரப்பனுக்கு நடந்ததைச் சொல்லிவிடத் துடிப்பு. ஆனால் அது நடப்பது போலத்தான் பேசும்.

"என்னை... கா..."

"காடு வாழ்க என்கிறார்!" என்று கூவியது நரி. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

பிறகு நரி சுடலையைத் தனியே ஓரங்கட்டியது. "குடை சிக்குனது அக்கரைக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க. நீ இன்னிக்குப் பறக்கவே இல்ல. சரியா?"

"அப்போ இந்த இறகெல்லாம் எங்கேன்னு என் பொண்டாட்டி கேட்பாளே?"

"யார்கூடயாவது சண்டைன்னு சொல்லு. நம்புவா."

நம்பினாள்.

ஆமைக்குச் சிலை வைத்தார்கள். வருஷாவருஷம் விழா எடுத்தார்கள். ஆழ்வாரப்பன் மேடையேறி அதே வாக்கியத்தைத் தொடங்கும். பாதியிலேயே கைதட்டல், மாலை, பொன்னாடை, சாப்பாடு. சுடலை கடைசி வரிசையில் சாப்பிட்டுவிட்டுப் போகும். சிங்கம் போய்ச் சேர்ந்தது, நரி போய்ச் சேர்ந்தது, பூரணியும் போனது. கடைசியில் ஒரு விழாவில் மழை வந்து, எல்லோரும் மரத்தடியில் ஒதுங்கிக் கைதட்ட மறந்த நேரத்தில், வாக்கியம் முழுசாக வந்துவிட்டது.

"என்னைக் காப்பாற்றியது... சுடலை."

கூட்டம் யோசித்தது. "சுடலையா? யாரது?" என்றது முள்ளம்பன்றி.

"சாமி பேராட்டம் இருக்கு," என்றது மான்.

"சாமிதான் காப்பாத்தியிருக்கு!"

உடனே சிலைக்குப் பக்கத்தில் கோயில் எழும்பியது. முதல் கொடைவிழா அன்று சுடலை முன்னால் போய், "நான்தாம்பா அது," என்றது.

"வரிசையில வாங்க பெரியவரே."

ஆழ்வாரப்பனுக்குத் தாங்கவில்லை. கோயில் வாசலில் நின்று, 'சாமி இல்லை, இந்தக் கழுகுதான்' என்று திருத்தப் பார்த்தது.

"சாமி... இல்லை..."

அதற்கு மேல் விடவில்லை. "என்ன பேச்சு பேசுது பாரு!" என்று கல்லை எடுத்தார்கள். இரண்டு கல் ஓட்டில் பட்டுத் தெறித்தன. சுடலை வரிசையை விட்டுப் பாய்ந்து வந்து, ஆமையை இரண்டு காலாலும் கவ்விக்கொண்டு மேலே எழும்பியது. கழுகு ஆமையைத் தூக்கினால் பாறையில் போட்டு உடைத்துத் தின்னும் என்பது காட்டில் எல்லோருக்கும் தெரியும். சாமி கைமேல் தண்டனை கொடுத்துவிட்டது என்று கூட்டம் திருப்தியோடு பொங்கல் வாங்கப் போனது.

ஆற்றுக்கு மேலே பறக்கும்போது ஆழ்வாரப்பன் தலையை நீட்டியது.

"ந..."

"நன்றியெல்லாம் எதுக்கு அண்ணாச்சி," என்றது சுடலை. இத்தனை வருஷத்தில் யாரும் அதற்கு அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அக்கரையில் இறங்கியபோதுதான் ஆமை சொல்லி முடித்தது.

"நகம்... குத்துது."

நீதி: ஓர் உயிரைக் காப்பாற்றக் கிளம்பும் முன், அது சீக்கிரம் பேசக்கூடிய உயிர்தானா என்று விசாரித்துக்கொள்க.