ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க சார்."

வந்தவன் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்குக் குப்பென்று வியர்த்தது. சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"ஸ்டார்ட் பண்ணாம வாங்க முடியாதா தம்பி?"

"கண்ணை டெஸ்ட் பண்ணாம நீங்க கண்ணாடி விப்பீங்களா சார்?"

மடக்கிவிட்டான்.

கார் ஷெட்டில், இரும்புச் சட்டத்தின் மேல் அந்த எஞ்சின் உட்கார்ந்திருந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு வரை அது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பின்புறத்தில் இருந்தது. இரண்டு பேர் மட்டுமே உட்காரும் கார்; எஞ்சின் முதுகுக்குப் பின்னால். எதிரே வந்த லாரி முன்பக்கத்தைத் தகர டப்பாவாக நசுக்கிவிட்டது. பின்பக்கத்தில் ஒரு கீறல் இல்லை. எஞ்சின் பிழைத்துக்கொண்டது. ஓட்டிப் போன ஒரே மகன் பிழைக்கவில்லை.

மகனின் சிநேகிதன் ஒரு மெக்கானிக். அவன்தான் எஞ்சினைக் கழற்றி வந்து, சட்டத்தில் ஏற்றி, பேட்டரியும் பெட்ரோல் கேனும் மாட்டினான். "ஓடற எஞ்சின்னாத்தான் ஆள் வருவாங்கப்பா" என்று சொல்லிச் சாவியைத் திருப்பினான்.

அன்றுதான் அது நடந்தது.

தெருமுனையில் அந்த உறுமல் கேட்டால் மனைவி அடுப்பைப் பற்றவைப்பாள். மகன் செருப்பைக் கழற்றுவதற்குள் சாப்பாடு சூடாகியிருக்கும். நான்கு வருடப் பழக்கம். அன்று கண்ணாடிக்காரர் உள்ளே போனபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது; மேலே பாத்திரம் இல்லை. அவள் தீப்பெட்டியைப் பிடித்தபடி தீயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் அடுப்பை அணைத்தார். மகன் பேச்சு வந்தால் மற்றவர் உடைந்துவிடுவார் என்று ஒருவருக்கொருவர் பயந்து, எட்டு மாதமாக அந்தப் பேச்சே அந்த வீட்டில் இல்லை.

இந்தச் சனியனை விற்றுத் தொலைத்தால்தான் இவள் பிழைப்பாள் என்று முடிவு கட்டினார். பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். இதோ, முதல் ஆள் வந்து நிற்கிறான்.

அவர் சமையலறைக்கு ஓடினார். "ஏம்மா, போஸ்ட் ஆபீஸ் போய் ரெண்டு ஸ்டாம்ப் வாங்கிட்டு வர்றியா?"

"போன வாரம் வாங்கினதே இருக்கேங்க."

"அது... சரியா ஒட்ட மாட்டேங்குது."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு போனாள்.

எஞ்சின் உறுமியது. வந்தவன் கைகட்டிப் பத்து நிமிடம் கேட்டான். ஒரு போல்ட்டைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் உதட்டைப் பிதுக்கினான். "லேசா இருமுது சார்."

போய்விட்டான்.

மெக்கானிக்கை வரவழைத்து இருமலைச் சரி செய்தார். "இப்பக் கேளுங்கப்பா, சிங்கம்!" என்றான் அவன். சிங்கம்தான். மாடியில் குடியிருந்த அம்மாளின் ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது.

அடுத்த புதன்கிழமை இரண்டாவது ஆள் வந்தான். மனைவி வேலை பார்க்கும் பஸ் டிப்போ கேன்டீனுக்குப் புதன்தான் லீவு. அவள் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்துத்தான் இந்தப் பயல்கள் வந்து தொலைக்கிறார்கள் என்று கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்தார். அவளைத் தையல்காரரிடம் அனுப்பினார்.

இரண்டாமவன் கால் மணி நேரம் கண்ணை மூடிக் கேட்டான். "சத்தம் ஜாஸ்தி" என்றான். போய்விட்டான்.

மாடி அம்மாள் கரி படிந்த போர்வையோடு இறங்கி வந்தாள். "சார், இது வெள்ளைப் போர்வை. இப்ப என்ன கலர்னு உங்க கண் டெஸ்ட் மிஷின்ல வச்சுச் சொல்லுங்க பாப்போம்."

புகை மேலே போகாமலிருக்க, தகரக் குழாய் ஒன்றைப் பொருத்திப் பின்சுவர் வழியாகச் சந்துக்கு நீட்டிவிட்டார். சத்தத்துக்கு, மகனின் பழைய மெத்தையைக் கொண்டுவந்து எஞ்சினைச் சுற்றிக் கட்டினார்.

மூன்றாவது புதன். மனைவியை பஸ்ஸில் கடைத்தெருவுக்கு அனுப்பினார். மூன்றாவது ஆள்.

"சார், மெத்தையை எடுங்க. சரியாக் கேக்கல."

"என்னப்பா கேக்கணும் உனக்கு? இது எஞ்சின்யா, பாட்டுக் கச்சேரியா?"

அவர் அவிழ்ப்பதற்குள் மெத்தை புகைய ஆரம்பித்தது. இருவரும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். மகன் படுத்த மெத்தை நடுவில் கருகி, ஓட்டையாகக் கிடந்தது. கண்ணாடிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். புகை என்று சொல்லிக்கொண்டார்.

மனைவி இருமிக்கொண்டே திரும்பி வந்தாள். மூக்கில் கரி. முதுகெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு.

"பஸ் சீட்டைத் துடைக்கவே மாட்டாங்களா உங்க டிப்போவில?"

"இப்பல்லாம் அப்படித்தாங்க" என்றாள். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள். "அந்த ஆளு... வாங்கிக்கிட்டானா?"

"இல்ல."

அவள் பெருமூச்சு விட்டாள். ஏமாற்றம் என்று அவர் நினைத்தார். "கவலைப்படாதே, அடுத்த வாரம் முடிச்சிடறேன்" என்றார்.

நான்காவது புதன், பதினோரு மணிக்கு வருவதாக ஒருவன் போன் செய்திருந்தான். பத்தரைக்கே மனைவியைக் காய்கறி வாங்க அனுப்பிவிட்டார். தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குப் போனார். எப்போதும் இருக்கும் ஸ்டூலைக் காணோம். தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது.

இறங்கியவர் ஒரு பட்டறைக்காரர். சொல்லிவிட்டு வரவில்லை. விளம்பரத்தைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி முகர்ந்தார். பிளக்கைக் கழற்றி, நூல் மாதிரி ஒரு கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்.

கண்ணாடிக்காரர் பழக்கதோஷத்தில் சாவியைப் பிடித்தார். "ஸ்டார்ட் பண்ணிடட்டுமா?"

"எதுக்குங்க?"

"எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க."

"சத்தத்தைக் கேட்டு எவனாவது எஞ்சின் வாங்குவானா? உள்ளதாங்க பாக்கணும்." பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "நீங்க போட்ட விலையே. ஏத்திக்கலாமா?"

பத்தே நிமிடம். சங்கிலியில் தொங்கி, லேசாக ஆடி, லாரியில் இறங்கியது எஞ்சின். தூக்கும்போது கண்ணாடிக்காரர் தன்னையறியாமல் அதன் பக்கவாட்டில் கையை வைத்தார். சில்லென்றிருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

லாரி தெருமுனையில் திரும்பி மறைந்தது. ஷெட்டில் வெறும் சட்டமும் ஒரு வட்டமான எண்ணெய்க் கறையும் தகரக் குழாயும் மிச்சமிருந்தன. இனி அவள் நிம்மதியாக இருப்பாள். வந்ததும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். "போயிடுச்சும்மா" என்றார். அந்த வார்த்தை நன்றாக இல்லை. "வித்தாச்சும்மா" என்று மாற்றினார்.

சரியாகப் பதினோரு மணிக்கு, காக்கிச் சட்டை போட்ட ஒருவன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான். டிப்போ பஸ் டிரைவர்களின் சட்டை.

"எஞ்சின் பாக்க வந்தேன் சார். ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க."

"வித்தாச்சுப்பா. இப்பத்தான் லாரி போகுது."

அவன் வெறும் சட்டத்தைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க! வாங்க வேணாம், ஓட விடச் சொல்லிட்டு ஏதாவது குறை சொல்லிட்டு வந்துடுன்னு வாராவாரம் எங்களை அனுப்பறதே எங்க கேன்டீன் அக்காதான்... பின்சந்துல சுவத்தோரமா ஸ்டூலைப் போட்டு, குழாய்கிட்டக் காதை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்களே, நான் போய் என்னன்னு சொல்லுவேன்?"