டொக்கு அண்ணன் குலுக்கிப் பார்த்த கம்ப்யூட்டர்

தட்டிப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர் திண்டுக்கல் ஜில்லாவிலேயே ஒருவர்தான் இருக்கிறார்; அவரும் என் தலையெழுத்துக்கு எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார். தேங்காய்த் தரகர். வத்தலக்குண்டு பக்கத் தோப்புகளில் காயைத் தட்டிப் பார்த்தும், காதோரம் குலுக்கிப் பார்த்தும் விலை பேசுகிறவர். அதனால் டொக்கு அண்ணன். சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

தேங்காயோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? கதவு, தண்ணீர்த் தொட்டி, டாக்டரின் மேஜை, எதைக் கண்டாலும் ஒரு டொக். அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி சொஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, சுவரைத் தட்டி, "கலவையில மணலு சாஸ்தி" என்று சம்பந்தத்தையே வேண்டாம் என்றவர்.

நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தோல் கம்பெனியை மூடிவிட்டார்கள். மொத்த வியாபாரி ஒருவர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கச் சொன்னார். "திங்கக்கெழமை வேலைய ஆரம்பிக்கணும்மா. இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு உலை கொதிக்கிறது. கையில் இருந்த பணத்துக்குப் புதிதில் சுமாரான கம்ப்யூட்டர் கிடைக்கும்; பழையதில் கொஞ்சம் நல்லதாகவே கிடைக்கும். எது தேவலாம் என்று யோசித்தபடி டவுன் பஸ் ஏறினால், முன்சீட்டில் டொக்கு அண்ணன்!

"தனியாப் போனா ஏமாத்திருவானுக தங்கச்சி. நானும் வாரேன்."

கூப்பிட்டேனா இவரை?

முதல் கடையில் புதுப் பெட்டியைத் தட்டினார். "உள்ள ஒண்ணுமே இல்லப்பா. வெறுங் காத்து."

கடைக்காரர் பொறுமையாக மூடியைக் கழற்றிக் காட்டினார். "சூடேறாம இருக்கணும்ல? காத்துப் போக எடம் வேணும்ணே."

"காத்துக்கு எடம் விட்டதுக்கா நாங்க காசு குடுக்கணும்?"

'நாங்க'வாம்! பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. "அண்ணே, இது தேங்கா மண்டி இல்ல" என்று கடைக்காரர் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

அடுத்த கடை, கம்பெனிகள் கழித்த கம்ப்யூட்டர்களைச் சரிபார்த்து விற்கிற கடை. ராம் எட்டு ஜிபி இருக்கிறதா, எஸ்.எஸ்.டி. போட்டிருக்கிறதா, கணக்கு சாஃப்ட்வேர் ஓடுமா, கெட்டுப்போனால் எத்தனை மாதம் பார்த்துத் தருவீர்கள் என்று கேட்கவேண்டியதைக் கேட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குள் அண்ணன் மூலையில் கிடந்த பூதாகரமான ஒன்றைக் கட்டித் தூக்கிக்கொண்டு வருகிறார்!

"இதாந் தங்கச்சி முத்தல்! கனத்தப் பாரு!"

"ஐயா, அது எடைக்குப் போட வச்சிருக்கேன்யா" என்று அலறினார் கடைக்காரர்.

நான் தேர்ந்தெடுத்ததைத்தான் வாங்கினேன். அண்ணனுக்கு முகம் தொங்கிவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். விட்டது சனி என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை கம்ப்யூட்டர் ஜோராக ஓடியது. கோபம் ஆறி அண்ணன் வந்தார். வந்தவருக்குக் காபி போட உள்ளே போனேன். டம்ளரோடு திரும்பினால், ஒயர்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பெட்டியைக் காதோரம் தூக்கி வைத்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிக்கொண்டிருக்கிறார் மனிதர்!

"நீ எடுத்ததும் நல்ல காயிதாந் தங்கச்சி."

ஒயர்களை மாட்டி சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பு. பெட்டி பீப் பீப் என்று கத்தியது.

"வயசுக்கு மரியாத குடுத்து இம்புட்டு நாளா பொறுத்தேன். நாளைக்கு எம் பொழப்பு போச்சுன்னா நீங்களா சோறு போடுவீக?" என்று தெருவே எட்டிப் பார்க்கக் கத்தினேன். அவர் தோள் துண்டை விரித்துப் பெட்டியைச் சுற்றி, பச்சைப் பிள்ளையைப் போல் ஏந்திக்கொண்டு போய்விட்டார். காபி அப்படியே இருந்தது.

சாயங்காலம் கொண்டுவந்து வைத்தார். போட்டேன், ஓடியது. என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். நடந்ததைக் கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரர்தான் போனில் சொன்னார். ஞாயிறு கடை லீவு. விசாரித்து, கடைக்காரர் போயிருந்த கல்யாண மண்டபத்துக்கே போய்ப் பந்தியில் அவர் பின்னாலேயே நின்றிருக்கிறார் அண்ணன்.

"ராம் கழண்டிருந்துச்சு. ரப்பர் வச்சுத் தொடச்சு அழுத்தி மாட்டுனேன், அம்புட்டுதான். ஆனா உங்கண்ணன் என்னைப் பாயசங்கூடக் குடிக்க விடலம்மா."

திங்கட்கிழமை வேலையை ஆரம்பித்தேன். தெருவில் ஒவ்வொருவராக வந்து, புதுசா பழசா, என்ன விலை என்று துருவிவிட்டுப் போனார்கள். தோப்புக்குக் கிளம்பிய டொக்கு அண்ணன் வாசற்படி ஏறாமல் வெளியிலேயே நின்றார்.

"வேல ஓடுதா தங்கச்சி?"

"ஓடுதுண்ணே."

"அது போதும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்துவிட்டார். எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. அன்றைக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.