மூண்டு சேரின் கணக்கு

கஞ்சர்களில் எத்தனையோ ரகம் பார்த்திருக்கிறேன். ஆனால் கையில் பிடிக்க முடியாத கணினிச் சேமிப்பு இடத்தில் கஞ்சத்தனம் பண்ண, ஈரேழு உலகத்திலும் எங்கள் மூண்டு சேரை விட்டால் ஆள் கிடையாது.

அது யுத்த காலம். பேராதனைப் பக்கம் ஒரு சின்னக் கல்லூரியில் படித்தோம். யாழ்ப்பாணத்துக்காரரான அவர்தான் கணினி அறைக்குப் பொறுப்பு. ‘சார்’ எங்கள் வாயில் ‘சேர்’; மூன்று அவர் வாயில் ‘மூண்டு’; அப்படி வந்த பட்டப்பெயர். பழைய கணினிகளை வயரால் கோத்து, எங்கள் ஒவ்வொரு பைலையும் மூன்று கணினிகளில் பிரதி எடுத்து வைப்பார். அதோடு விட்டாரா? மூன்றையும் ஆளுக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய எங்கள் பங்கு இடத்தில் கழிப்பார்!

“ஒரு படந்தானே போட்டேன் சேர்? மூணு படத்துக்கு இடத்தப் புடிச்சிட்டீங்களே, அநியாயமா இல்ல?”

“மூண்டு இடத்திலை கிடக்கு பிள்ளை. மூண்டால பெருக்கும். ஒண்டிலை வைச்சால், அழிக்க ஒரு குண்டே காணும்.”

சரி, பழையதை அழித்துப் பார்த்தேன். இடம் திரும்பவில்லை. அழித்தது குப்பைக் கூடையில் கிடக்கிறதாம், குப்பையும் என் பங்குதானாம். அதையும் மூன்றால் பெருக்கியிருந்தார், மகராசன்!

கடைசி வருஷம் வசமாக மாட்டிக்கொண்டேன். ஹந்தானை மலைத் தேயிலைக்கு மழைக்காலத்தில் வரும் கொப்புள நோயை, அட்டைக்கு ரத்தம் கொடுத்துப் படம் எடுத்திருந்தேன். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் பட்டம் இல்லை. பாதி ஏறியதும் இடமில்லை என்றது கணினி.

“எனக்கு ஒரே ஒரு பிரதி போதும் சேர்” என்று அழுதேன்.

“அது மட்டும் ஏலாது” என்று தலையைச் சொறிந்தார். மறுநாள் எப்படியோ இடம் வந்திருந்தது. எல்லாப் படங்களும் ஏறின.

அந்த வாரமே இடி விழுந்து இரண்டு கணினிகள் கருகின. என் படங்கள் வேறொன்றில் பத்திரமாக இருந்தன. சந்தோஷத்தில் அவரிடம் ஓடினேன். கருகிய கணினியைத் திறந்துவைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

“என்ன சேர் போச்சு?”

“தங்கச்சியின்ரை கலியாணப் படங்கள். சண்டையிலை யாழ்ப்பாணப் பாதை பூட்டினதாலை நான் போகேல்லை. ஆரோ கொண்டுவந்து தந்தது.”

“உங்களுக்கும் மூணு பிரதி இருக்குமே?”

“இருந்தது. ரெண்டை அழிச்சுத்தான் உமக்கு இடம் எடுத்தனான்.”

“ஏன் சேர் இப்படிப் பண்ணீங்க?”

“தங்கச்சி சுகமா இருக்கிறாள். உமக்கு அந்த மழை திரும்ப வர ஒரு வருஷம் போகுமே.”

மறுநாள் காலை, முதலாம் வருஷத்துப் பெண் ஒருத்தியிடம் “மூண்டால பெருக்கும்!” என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் வாதாட வாயெடுத்தாள்.

“பேசாம மூணால பெருக்கு” என்றேன்.