சூரியனுக்கு வெள்ளையடித்தோம்

ஷெராங் கிராமம், லடாக்.
லோசார் புத்தாண்டுக்கு முந்தைய வாரம்.

கொடைக்கானல் மலையில் சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும் மதிப்பிற்குரிய அண்ணன் ஸ்கர்மா லுண்டுப் அவர்களுக்கு, தங்கை ரிக்சின் ஆங்மோ பணிவுடன் எழுதுவது.

மும்மணிகளின் அருளால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுத விரல்கள் ஒப்பவில்லை. உங்கள் கடிதம் கிடைத்தது. அங்கே ஒரே மூடுபனி, சூரியனைப் பார்க்கவே முடியவில்லை என்று வருந்தியிருந்தீர்கள். எங்களுக்கும் வருத்தம்தான். இங்கே அது மேகத் துணுக்குகூட இல்லாத வானத்தில் காலை முதல் மாலை வரை சும்மா எரிந்துகொண்டிருக்கிறது. ஆராய ஆளில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மனைவி பத்மா யாங்டோலுக்கு இது எட்டாவது மாதம். பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்திருக்கிறாள். ஷாம் பக்கம் தாய் வீட்டுக்குப் போகிறாளாம். அங்கே குளிர் சற்றுக் குறைவு. குளிர்தான் காரணம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். அவளும் மறுக்கவில்லை. அவள் போகாமலிருக்க நீங்கள் உங்களைப் பெற்ற அமா-லேவுக்கு ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: "சுவரைக் கறுப்பாகவே விடுங்கள்." நான் சொன்னால் உளறல், நீங்கள் எழுதினால் வேதம்.

கோடையில் நீங்கள் வரைந்து அனுப்பிய கண்ணாடி அறையை அப்படியே கட்டினோம். தெற்கே கண்ணாடி, அதற்குப் பின்னால் தடித்த மண்சுவர், சுவருக்குக் கறுப்பு. பகலில் சுவர் வெயிலைக் குடிக்கும், இரவெல்லாம் வீட்டுக்குள் மூச்சு விடும் என்று எழுதியிருந்தீர்கள். குடித்தது. ஒரு வாரம். அதற்குள் லோசார் நெருங்கிவிட்டது. நான் தண்ணீர் எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் அமா-லே சுவர் முழுக்க வெள்ளையடித்துவிட்டார்.

"என்ன அமா-லே இது!"

"புது வருஷம் வர்ற வீட்டுல கறுப்புச் சுவராடி? ஊர் சிரிக்கும்."

உங்கள் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். சூரியனின் நடுவில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நெருக்கியடித்து ஹீலியமாகின்றன, கூடும்போது எடை கொஞ்சம் குறைகிறது, குறைந்த எடைதான் ஒளியாகிறது, இப்படி நொடிக்கு நாற்பது லட்சம் டன் தீர்ந்துகொண்டிருக்கிறது என்கிற பக்கம். அமா-லே பாதியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், எப்படி இளைச்சிருக்கும்." உங்களைச் சொன்னாரா சூரியனைச் சொன்னாரா, தெரியவில்லை.

ஆக, ஆயிரமாயிரம் ஆண்டுகள் சூரியனுக்குள்ளேயே முட்டி மோதி, ஒருவழியாக வெளியே வந்து, எட்டு நிமிடத்தில் வெட்டவெளியைக் கடந்து, நம் வீட்டுக் கண்ணாடியைத் தேடி உள்ளே நுழைகிற ஒளி, அமா-லேவின் சுண்ணாம்பில் பட்டு வந்த வழியே திரும்பிப் போய்விடுகிறது. இவ்வளவு தூரம் வந்த விருந்தாளிக்கு ஒரு கிண்ணம் வெண்ணெய்த் தேநீர்கூடக் கொடுக்காத வீடு.

இது போதாதென்று அபா-லே. சூடான காற்று உள்ளே வரச் சுவரில் மேலும் கீழும் துளை வைக்கச் சொன்னீர்களே, இரண்டிலும் கம்பளியைத் திணித்துவிட்டார்.

"காத்து வருதுல்ல?"

"வரத்தானே வெச்சது, அபா-லே!"

"குளிர்காலத்துல காத்து வந்தா அடைப்பாங்க. படிக்காதவனுக்கே தெரியும்."

இப்போது வீட்டிலேயே அதிகம் குளிர்கிற அறை அதுதான். அதனால் லோசாருக்கு வாங்கிய ஆட்டை அமா-லே அங்கே தொங்கவிட்டிருக்கிறார். சுவரைக் கறுப்பாக்கினால் அறை சூடாகும், அறை சூடானால் கறி கெடும், கறி கெட்டால் லோசார் கெடும். உங்கள் பிள்ளைக்கென்று கட்டிய அறையில் உறைந்த ஆடு சுகமாக இருக்கிறது.

பூமியைச் சுற்றியிருக்கிற காற்றும் ஒரு கண்ணாடிதான், வெயிலை விடும், சூட்டை எளிதில் விடாது, அது இல்லாவிட்டால் உலகமே பனிக்கட்டி என்றும் எழுதியிருந்தீர்கள். அமா-லே மலையை ஒருமுறை பார்த்தார். "நம்ம ஊர் வரைக்கும் கண்ணாடி பத்தல போலிருக்கு."

ஆறு பக்கக் கடிதம். கடைசி ஓரத்தில் "பத்மா சௌக்கியமா?" என்று கேட்டிருந்தீர்கள். அதையும் உரக்கத்தான் படித்தேன். அவள் எழுந்து அடுப்பில் சாண வறட்டி போடப் போய்விட்டாள்.

உங்கள் ஆய்வு சிறக்கட்டும், மூடுபனி விலகட்டும், ஆயுள் நீளட்டும் என்று அமா-லே நெய்விளக்கு ஏற்றுகிறார். அந்த ஒரு வரியை உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ரிக்சின் ஆங்மோ

பி.கு.: லே நகரிலிருந்து தபால் கொண்டுபோகும் விமானம் தள்ளிப்போனதால் இதையும் சேர்க்கிறேன். மேலே கேட்ட வரி வேண்டாம். அபா-லே தாமாகவே அடுப்புக்கரியைக் குழைத்துச் சுவரில் பூசிவிட்டார், கம்பளியைப் பிடுங்கிவிட்டார், ஆட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார். அறை இப்போது கதகதப்பாக இருக்கிறது. அமா-லே அங்கே உட்கார்ந்து, எல்லாம் தம் யோசனை என்கிறார். பத்மாவும் ஒரு மதியம் முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து பெட்டிக்குக் கயிறு கட்டினாள்.

"அதான் சூடாயிடுச்சே, அச்சே-லே?" என்று அவளிடம் கேட்டேன்.

"குளிருன்னு நீங்களாத்தான் சொல்லிக்கிட்டீங்க. என்கிட்ட யாரு கேட்டது? அங்க போனா, என்னைப் பாத்து நாலு வார்த்தை பேச ஆள் இருக்கும்."

நாளை லாரியில் போகிறாள். அவள் தாய் வீட்டு முகவரி உங்களிடம் இருக்கிறதா?