சிரித்தால்தான் எடுப்பேன் என்கிற கேமரா

அன்புள்ள அக்காவுக்கு,

மாடிவீட்டுத் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். என் மனைவி மகளின் பிரசவத்துக்கு உதவியாகப் போய் ஒரு மாதம் ஆகிறது. அவளும் நலம் என்று போனில் சொல்கிறாள். கீழ்வீட்டில் இருப்பவர்களும் நலமாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அங்கே உங்கள் முழங்கால், அத்தானின் சர்க்கரை, பேரனின் படிப்பு மூன்றும் ஒழுங்காக இருக்க வேண்டும். போனில் பேசினால் மழுப்பிவிடுவாய், எதுவானாலும் எழுத்தில் போடு என்று நீங்கள் கட்டளை போட்டதால் இந்தக் கடிதம்.

நீங்கள் அனுப்பிய கேமரா பத்திரமாக வந்து சேர்ந்தது. அதற்குள் மடித்து வைத்திருந்த சீட்டும் வந்து சேர்ந்தது. "நீயும் தம்பியும் பக்கத்துல பக்கத்துல நின்னு, சிரிச்ச முகமா ஒரே ஒரு போட்டோ. அது என் கைக்கு வர்ற வரைக்கும் அந்த வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள். போன வருடம் நாங்கள் தனித்தனியாகப் போனில் எடுத்து, கடையில் கொடுத்து ஒட்டி அனுப்பிய படத்தில் என் நிழல் இடது பக்கமும் அவன் நிழல் வலது பக்கமும் விழுந்திருந்ததை நீங்கள் கண்டுபிடித்தது முதல், போன் படம் செல்லாது என்று ஆகிவிட்டது. நியாயம்தான். நீங்கள் வர வேண்டும் என்று எனக்கும் ஆசை இருக்கிறது, அதை ஒளிக்க என்ன இருக்கிறது. அறுபத்தெட்டு வயதில் உங்களுக்கும் பிடிவாதம், அறுபத்து நாலில் எனக்கும் பிடிவாதம் என்றால் யார்தான் ரயில் ஏறுவது? அதனால் நான் ஒத்துக்கொண்டேன். ஆனால் படம் இன்னும் வரவில்லை. அதற்கு நானோ அவனோ காரணம் இல்லை, நீங்கள் அனுப்பிய கேமராதான் காரணம் என்பதை விளக்கத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

சண்டையின் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும். மாடிப்படி விளக்கின் சுவிட்ச் தம்பி இருக்கிற கீழ்வீட்டுக்குள் இருக்கிறது. நான் படியில் பாதி ஏறும்போது அவன் அதை அணைத்தான். நான் இரண்டு படி சறுக்கி உட்கார்ந்தேன். "ஆள் ஏறுறது தெரியலையா?" என்று கேட்டேன். "ஏறுறவங்க ஒரு குரல் கொடுக்கலாம்ல?" என்றான். நான் எழுந்து மேலே போனேன், ஏழு வருடம் ஆயிற்று. அவ்வளவுதான் விஷயம். இரண்டு தரப்பிலும் குற்றம் இருக்கிறது என்று நீங்கள் சொல்வது உங்கள் பெருந்தன்மை.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் வக்கீல் ஒருவரையும் அவர் கட்சிக்காரரையும் வைத்துக்கொண்டு, மேலேயிருந்து கயிற்றில் இறங்கி, பதினைந்து நிமிடத்தில் கதவைத் திறந்தவன். ஒரு பட்டன் என்றால் அதற்கு ஒரு வேலை, மூன்றை அமுக்கினால் மூன்றாவது மாடி. இந்தக் கேமராவில் அப்படி இல்லை. ஒரே பட்டனை மெதுவாக அமுக்கினால் ஒரு வேலை, அழுத்தி அமுக்கினால் இன்னொரு வேலை, அமுக்கிக்கொண்டே இருந்தால் மூன்றாவது வேலை, அமுக்கி முடித்த பிறகு நாம் என்ன செய்தோம் என்று அதுவே நம்மிடம் கேட்கிறது. மேலே திருகும் வட்டத்தில் ஒரு மலை, ஒரு பூ, ஓடுகிற ஒரு ஆள். நாங்கள் இருவரும் மலையும் இல்லை, பூவும் இல்லை, ஓடவும் போவதில்லை, நிற்கப்போகிறோம். நிற்கிற ஆளுக்குப் படமே போடவில்லை. கூடவந்த புத்தகமோ பதினான்கு மொழியில் இருக்கிறது. எழுத்து எறும்பு அளவு. இரண்டாம் பக்கத்தோடு மூடி அலமாரி மேலே போட்டுவிட்டேன், பிறகு தொடவே இல்லை.

சரி, பேட்டரியை ஏற்றலாம் என்று பார்த்தால் அது தனிக்கதை. பேட்டரியைத் திருப்பிப் போட்டாலும் உள்ளே போகிறது, நேராகப் போட்டாலும் போகிறது, மூடி மட்டும் ஒரு பக்கம்தான் மூடுகிறது. மூன்று தடவை திருப்பி மூடியதும் சார்ஜர் எங்கே என்று தேடினால் தனியாகச் சார்ஜரே கிடையாதாம், கேமராவின் வயிற்றிலேயே கம்பியைச் சொருக வேண்டுமாம். அந்தக் கம்பியின் மறுமுனைப் பிளக் மாடியில் உள்ள எந்தப் பிளக் பாயின்டிலும் நுழையவில்லை. இந்த வீட்டில் அது நுழைகிற இடம் ஒன்றே ஒன்று, கீழ்வீட்டுக் கூடத்தில் தம்பி உட்கார்ந்து ஊராருக்குக் கட்டும் பல் செட்டைத் தேய்க்கிற மேசைக்குப் பின்னால். ஏழு வருடம் கழித்து நான் அந்தக் கூடத்துக்குள் காலை வைத்தது இந்தக் கம்பியால்தான், வேறு எந்தக் காரணமும் இல்லை. வாசலில் நின்று அவன் மனைவியிடம்தான் சொன்னேன், "அம்மா, சார்ஜ் போடணும்." அவள் உள்ளே திரும்பி, "மாமா சார்ஜ் போடணுமாம்" என்றாள். "போடச் சொல்லு" என்றான் அவன், ஒரு கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டே.

சார்ஜ் ஏறும்போது ஒரு ஆரஞ்சு விளக்கு எரிய வேண்டும். விட்டுவிட்டு எரிந்தால் கோளாறு, அணைந்தால் நிறைந்துவிட்டது. கம்பி கழன்றாலும் அணையும், கரண்ட் போனாலும் அணையும் என்பதை யாரும் சொல்லவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அணைந்திருந்தது, சந்தோஷமாக மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். மறுநாள் கேமரா கண்ணைத் திறந்தது, உடனே மூடியது. இப்படி இரண்டு நாள். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, தம்பி வெளியே கிளம்பும்போது கூடத்துச் சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போகிறான். மறுபடியும் சுவிட்ச். எனக்கு வந்த கோபத்தில் பழையபடி மேலே போய்க் கதவைச் சாத்தியிருப்பேன். அவன் மனைவி நடுவில் வந்து, "மாமா, இனிமே அந்த சுவிட்சுமேல பிளாஸ்திரி ஒட்டிடறேன், யார் கையும் படாது" என்று ஒட்டிவிட்டாள். இந்தப் பெண் மட்டும் இல்லையென்றால் இந்த வீட்டில் ஒரு காரியமும் நடக்காது. சார்ஜ் முழுதாக ஏற இரண்டரை மணி நேரம் ஆகிறது. கம்பி கழல்கிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதால் நான் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். தேநீர் கொடுத்தார்கள், வேண்டாம் என்றால் மரியாதையாக இருக்காது.

முதல் முயற்சி. ஸ்டூல் மேல் கேமரா, எதிரே நாங்கள் இருவர். நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கலாம், அவ்வளவு இடம். "இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க" என்று அவன் மனைவி சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நாங்கள் ஒரு அங்குலம் நகர்வதற்குள் கேமரா தூங்கிவிட்டது, ஒரு நிமிடம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடும் சுபாவம் அதற்கு. எழுப்பப்போன நான் எதையோ தொட்டேன். திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு சிரித்த முகம் வந்து உட்கார்ந்தது. அன்று உட்கார்ந்ததுதான், இன்றுவரை எழுந்து போகவில்லை.

அக்கா, அந்த முகம் இருக்கும்வரை இந்தக் கேமரா சிரித்தால்தான் படம் எடுக்கும். பட்டனை அமுக்கினால் பீப் என்கிறது, எடுப்பதில்லை. எங்கள் இருவர் முகத்தைச் சுற்றியும் ஒரு மஞ்சள் சட்டம் போடுகிறது. திரையின் ஓரத்தில் காய்ச்சல்மானி மாதிரி ஒரு பட்டை, நாம் சிரிக்கச் சிரிக்க அது மேலே ஏற வேண்டும். நாங்கள் நின்ற நிலையில் அது தரையிலேயே கிடந்தது. நான் என்னால் ஆனமட்டும் உதட்டை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அப்போதுதான் அவன் ஏழு வருடத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினான். "உதட்டை இழுத்தா ஆச்சா, மேல் வரிசை தெரியணும்" என்றான். தொழில் புத்தி. ஊருக்கெல்லாம் பல் கட்டுகிறவன் தன் பல்லில் ஒன்றையாவது காட்ட வேண்டுமே. "முதல்ல உன் வரிசையைக் காட்டு" என்றேன். இது பேச்சுவார்த்தையில் சேராது, காரியத்துக்காகச் சொன்னது.

திடீரென்று கிளிக் என்றது. ஓடிப்போய்ப் பார்த்தால், எங்களுக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த பல்பொடி விளம்பரத்துப் பெண் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருக்கிறாள், முன்னால் நாங்கள் இருவரும் மங்கலாக, ஜாமீன் கிடைக்காதவர்கள் மாதிரி நிற்கிறோம். அந்தப் பெண்ணையே பதினொரு தடவை எடுத்தது. விளம்பரத்தை எடுத்துச் சுருட்டி வைத்த பிறகு, அவன் மனைவி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குறுக்கே போனாள், அவளை நாலு தடவை எடுத்தது. யார் சிரித்தாலும் எடுக்கிற கேமராவுக்கு எங்களை எடுக்க மட்டும் மனம் வரவில்லை.

பத்தாம் நாள் எப்படியோ எங்கள் இருவரையும் ஒன்று எடுத்தது. எடுத்த கையோடு திரையில் ஏதோ எழுதிக் காட்டியது. அவன் மனைவி படித்து, "யாரோ கண்ணை மூடிட்டாங்கன்னு சொல்லுது, மாமா" என்றாள். நான் கண்ணை மூடவே இல்லை. அதை அழித்துவிட்டு, நன்றாக விழித்து மறுபடி நின்றேன். மறுபடியும் அதே எழுத்து. மூன்றாவது தடவை நான் கேமராவைப் பார்த்து, "மூடல, மூடல" என்று சத்தமாகவே சொன்னேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணா, உங்க கண்ணு திறந்தாலே அவ்வளவுதான்னு அதுக்கு யார் சொல்றது?" என்றான். என் கண் சின்னக் கண் என்பது உங்களுக்குத் தெரியும், அப்பாவுக்கும் அப்படித்தான். அவன் மனைவி முதலில் சிரித்தாள், அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், எனக்கும் அடக்க முடியவில்லை. மேல் வரிசை, கீழ் வரிசை எல்லாம் தெரிந்தது. பட்டை சரசரவென்று உச்சிக்கு ஏறியது. ஏறிய அந்த நொடியில் பேட்டரி தீர்ந்து, நீட்டிய மூக்கை உள்ளே இழுக்கக்கூட முடியாமல் கேமரா செத்துப்போனது.

அதன் பிறகும் விட்டோமில்லை. நாலரை மணிக்குத்தான் ஜன்னல் வெளிச்சம் சரியாக விழுகிறது என்று தினமும் நாலரைக்கு நான் இறங்கிப் போகிறேன். சார்ஜ் ஏறும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் கேரம் பலகையை வெளியே எடுத்திருக்கிறார்கள். இன்றோடு பத்தொன்பது நாள். ஒரு படமும் தேறவில்லை. நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. கேமரா விஷயத்தை ஒட்டித்தான் பேசுகிறோம், காய் நகர்த்தும்போது மட்டும் கொஞ்சம் கூடுதலாக. ஆகையால் பேரனிடம் கேட்டு, அந்தச் சிரித்த முகத்தை எப்படி அணைப்பது என்று உடனே எழுதி அனுப்புங்கள். வழி தெரிந்தால் ஒரே நாளில் முறைத்த முகமாகவாவது ஒரு படம் எடுத்து அனுப்பி, இந்தத் தொல்லையிலிருந்து விடுபடுவேன். முகம் முறைப்பாக இருக்கிறது என்று அதற்கும் குறை சொல்லாமல், கிளம்பி வரும் வழியைப் பாருங்கள்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பேரனுக்கு ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், கேமரா செய்கிற தொழிலுக்கு மட்டும் போக வேண்டாம்.

உங்கள் அன்புத் தம்பி,
மாடிவீடு

பின்குறிப்பு: அக்கா, இது கீழ்வீட்டுத் தம்பி எழுதுவது. தபாலில் போடச் சொல்லி அண்ணா இதை என்னிடம் கொடுத்தார். உறையை ஒட்டவில்லை, படித்துவிட்டேன். அலமாரி மேலே போட்டதாகச் சொல்கிறாரே அந்தப் புத்தகம், அது அவர் தலையணைக்கு அடியில் இருப்பதை நேற்று மூக்குக்கண்ணாடி எடுத்துவரப் போனபோது பார்த்தேன். நாற்பத்து மூன்றாம் பக்கம் மடித்திருக்கிறது. அதில் அந்த முகத்தை அணைக்கும் வழி இருக்கிறது, பக்கத்திலேயே அண்ணா கையெழுத்தில் 'மூன்று தடவை அமுக்கினால் போய்விடும்' என்று எழுதி, அந்த முகம் வந்து உட்கார்ந்த மறுநாள் தேதி போட்டிருக்கிறார். நானும் மூன்று தடவை அமுக்கிப் பார்த்தேன், போய்விட்டது. பயந்துபோய், பழையபடி வரவழைத்து வைத்துவிட்டேன். படத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், வந்துவிடுங்கள். அணைக்கும் வழியை மட்டும் தயவுசெய்து அவருக்கு எழுதி அனுப்பிவிடாதீர்கள், நாலரை மணிக்கு அவர் கீழே இறங்கி வர வேறு காரணம் எங்களிடம் இல்லை.